பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறதா? அலைன்மென்ட்டைச் சரிசெய்யும் முறை

காரின் பின் டயர் தேய்வது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். முன் டயர் என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பி நிறுத்தினாலே முழுவதும் தெரிந்துவிடும். பின் டயரின் வெளி ஓரம் புதிதுபோலவே இருக்க, உள் ஓரம் மட்டும் மொட்டையாகிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கும் அவ்வளவாக இழுக்காது. அதனால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துப் பலரும் டயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். கோணம் சரியாகாத வரை புது டயரும் அதே இடத்தில்தான் தேயும்.

1. தேய்மானம் எந்த வகை?

டார்ச் அடித்து உள் ஓரத்தை முதலில் கண்ணால் பாருங்கள். கம்பி வெளியே வந்திருந்தால் கை வைக்காதீர்கள், ஊசிபோலக் குத்தும். அந்த டயரில் வண்டியை ஓட்டவும் வேண்டாம். கம்பி இல்லையென்றால் டிரெட் (தரையில் படும் வரிப்பள்ளப் பகுதி) ஆழம் அளக்கும் கேஜை வைத்து உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. இவை இரண்டுக்கும் அலைன்மென்ட் தேவையில்லை. ஒரு ஓரம் மட்டும் சீராகச் சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகப்படலாம். அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ அளவுக்கு மேல் சாய்ந்திருக்கிறது. அங்கங்கே பள்ளம் பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸையும் பாருங்கள்.

இப்போது உள்ளங்கையை டிரெட்டின் குறுக்கே மெதுவாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பப் பல்போலவும் கையில் தட்டினால் டோ தவறியிருக்கிறது. சக்கரம் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் உள்ளே பார்த்தால் டோ-இன், வெளியே பார்த்தால் டோ-அவுட். ரப்பர் கட்டைகளின் கூர்மையான விளிம்பு காரின் உள்பக்கம் பார்த்து நின்றால் டோ-இன் அதிகம். வெளிப்பக்கம் பார்த்து நின்றால் டோ-அவுட்.

டயரை வேகமாகத் தின்பது இந்த டோதான். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது.

2. ஆட்டம் இருக்கிறதா?

இதைத் தாண்டிப் போகவே கூடாது. தளர்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால், அடுத்த பள்ளத்திலேயே கோணம் மாறிவிடும்.

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கையும் சஸ்பென்ஷன் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் கைகளை (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புத் தண்டுகள்) இணைக்கும் ரப்பர் புஷ்களில் வெடிப்பு இருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கெட்டது எதுவாக இருந்தாலும் முதலில் அதை மாற்றுங்கள்.

3. நூல் கட்டி அளப்பது

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று அடித்து, டிக்கியில் உள்ள கனமான சாமான்களை இறக்கிவிடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதீர்கள். வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு வரும்.

வண்டியின் இரு பக்கமும், சக்கரத்தின் மைய உயரத்தில், முன்னிருந்து பின்வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். இரு நூலுக்கும் உள்ள இடைவெளி வண்டிக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் சக்கர மையத்திலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும். முன் சக்கரங்களிலும் அப்படியே. முன் அளவும் பின் அளவும் வேறாக இருக்கலாம், அது தவறில்லை.

சரி, இனி பின் சக்கர ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கும், பின் விளிம்பிலிருந்து நூலுக்கும் அளவெடுங்கள். முன் விளிம்பின் தூரம் அதிகம் என்றால் டோ-இன். விளிம்புக்கு விளிம்பு 430 மி.மீ. உள்ள ரிம்மில் 7.5 மி.மீ. வித்தியாசம் என்பது ஒரு டிகிரி. வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பல கார்களுக்குப் பின்னால் சிறிது டோ-இன் இருப்பதே முறை, பூஜ்யமாக்கக் கூடாது.

இடமும் வலமும் சமமாக இல்லாவிட்டால் இன்னொரு தொல்லையும் வரும். பின்சக்கரங்கள் வண்டியை லேசாகக் கோணலாகத் தள்ளும். நேரான சாலையிலும் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும்.

4. சரிசெய்வது

மல்டி-லிங்க் வகை (ஒவ்வொரு பின் சக்கரத்தையும் பல கைகள் தனித்தனியாகப் பிடிக்கும்) சஸ்பென்ஷன் என்றால், கீழ்க் கையின் உள்முனையில் அளவுக்கோடுகள் போட்ட வட்டத் தகட்டுடன் ஒரு கேம் போல்ட் பெரும்பாலும் இருக்கும். அதைத் திருப்பினால் கை நகர்ந்து கோணம் மாறும். இப்போதுள்ள நிலையைப் பெயிண்டால் குறித்துவிடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். நட்டைத் தளர்த்தி, போல்ட்டின் தலையை ஒரு கோடு மட்டும் திருப்பி, வண்டியை உருட்டி, மறுபடி அளவெடுங்கள். அளவு கிடைத்ததும், சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும்போது, கையேடு சொல்லும் டார்க்குக்கு (இறுக்க அளவு) நட்டை முறுக்குங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

பழைய வண்டிகளில் இந்தப் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். நட்டு சுற்றும், போல்ட் அசையாது. பலவந்தமாகத் திருப்பினால் முறிந்துவிடும். அதை அறுத்தெடுத்துப் புது போல்ட்டும் புஷ்ஷும் போடுவது மெக்கானிக்கின் வேலை, அவரிடமே விடுங்கள்.

இரு பின் சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் டார்ஷன் பீம் வகையில் பொதுவாகத் திருப்ப எதுவும் இருக்காது. அளவு தவறியிருந்தால் பீமோ ஸ்டப் ஆக்ஸிலோ (சக்கரம் மாட்டும் குட்டை அச்சு) வளைந்திருக்கலாம், அல்லது பீமின் புஷ் போயிருக்கலாம். சிறிய பிழையை, பொருந்தும் வண்டிகளில், ஆக்ஸிலுக்கும் பீமுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். வளைந்த பீமைச் சூடாக்கி நிமிர்த்த ஒப்புக்கொள்ளாதீர்கள். மாற்றுவதுதான் பாதுகாப்பு.

5. மெஷினில் கடைசிச் சோதனை

நூல் அளவு நோயைக் காட்டும். முடிவான அளவுக்கு மெஷின் வேண்டும். அங்கே நான்கு சக்கர அலைன்மென்ட் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பின்பக்கத்தை முதலில் சரிசெய்து, அது காட்டும் நேர்கோட்டுக்கு ஏற்ப முன்பக்கத்தை அமைப்பதே சரியான வரிசை. முன் டோவை மட்டும் திருகிவிட்டு முடிந்தது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன், பின் அளவுகள் இரண்டும் உள்ள அச்சுத்தாளை வாங்கிக்கொண்டு, பின் டோ இடமும் வலமும் எவ்வளவு என்று அங்கேயே பாருங்கள்.

6. பழைய டயரை என்ன செய்வது?

ரம்பமாகத் தேய்ந்த டயர், கோணம் சரியான பிறகும் பேரிங் இரைவதுபோல ஊங்காரம் போடும். டிரெட் மிச்சமிருந்தால் முன்பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டலாம், ஓரளவு சமமாகலாம். ஒரு திசையில் மட்டும் சுற்ற வேண்டிய டயர் என்றால், அதே பக்கத்திலேயே முன்னுக்குப் பின் மாற்றுங்கள். எந்த இடத்திலாவது 1.6 மி.மீ.க்குக் கீழ் போயிருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். நனைந்த சாலையில் அதற்கு முன்பே பிடிப்பு குறையத் தொடங்கிவிடும்.

அப்புறம், 2,000 கி.மீ. ஓடியதும் அதே மூன்று இடங்களில் கேஜை வைத்து அளந்து, குறித்துவைத்த எண்களோடு பாருங்கள். புது டயர் போட்டிருந்தால் போட்ட அன்றே அளந்து வையுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் வேலை முடிந்தது. உள் ஓரம் மட்டும் மறுபடி முந்திப் போனால், இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய், பளு ஏறும்போது எந்தப் புஷ் அசைகிறது என்று தேடுங்கள்.