காதுக்கருவிக் கடையைத் தாண்டி மருத்துவமனை வேலை: என் அனுபவம்

செவித்திறன், பேச்சுக் குறைபாடுகளுக்கான பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்து, தொழில் செய்யத் தேவையான ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் வாங்கியாச்சு. ஆனால் வந்த அழைப்பெல்லாம் காதுக்கருவி விற்கும் கடைகளிலிருந்துதான். மாதத்துக்கு இத்தனை கருவி விற்கணும் என்ற இலக்கோடு. எனக்கு வேண்டியது பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதிக்கும் வேலை.

வேலைத் தளங்களை விட்டுவிட்டு மாவட்ட இணையதளங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிய 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பணியிடம் உண்டு. அதற்கான மாவட்ட நலவாழ்வு சங்கத்தின் அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில்தான் வரும். ஒப்பந்தப் பணிதான், விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். சான்றிதழ் நகல்களைத் தயாராக வைத்திருங்கள்.

கூடவே, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் நேரில் போனேன். பயோடேட்டாவைவிட பயிற்சிக்காலத்தில் செய்த பரிசோதனைகளைக் குறித்து வைத்த என் லாக்புக் அதிகம் பேசியது. ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவர், "ஓ.ஏ.ஈ. மட்டும் போதாதாம்மா?" என்று கேட்டார். ஓ.ஏ.ஈ. என்பது உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்குச் செவி நரம்புப் பாதை பாதிக்கப்பட்டிருந்தாலும் ஓ.ஏ.ஈ. சரியாகவே வரலாம், அதனால் செவி நரம்புப் பாதையைப் பார்க்கும் பெரா சோதனையும் தேவை என்றேன். பிறந்து 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்ற கால வரிசையையும் சொன்னேன். அந்த மருத்துவமனையில்தான் இப்போது வேலை பார்க்கிறேன்.

சம்பளம் ஆரம்பத்தில் கடையைவிடக் குறைவுதான். ஆர்.சி.ஐ. பதிவைப் புதுப்பிக்க, தொடர்கல்விப் பயிலரங்குகளில் கிடைக்கும் சி.ஆர்.ஈ. புள்ளிகள் வேண்டும், வேலை தேடும் காலத்திலேயே அந்தப் பயிலரங்குகளுக்குப் போய்விடுங்கள், காலியிடத் தகவலும் அங்கே கிடைக்கும்.