வயர் வாங்கும்போதும் இழுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு புது வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். ஐடிஐ முடித்த இரண்டு பையன்கள் மாடிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பைப்புக்குள் போவது எல்லாமே ஒன்றரை எம்எம் (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது ஸ்கொயர் எம்எம்). "தம்பி, பெட்ரூமில் ஏசி பாயிண்ட் இருக்கே, அதுக்குமா இது?" என்று கேட்டால், "எஃப்ஆர்எல்எஸ் அண்ணே, ஏசியெல்லாம் தாராளமா இழுக்கும்னு கடைக்காரரே சொல்லிட்டார்" என்கிறான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே பதிலை இதே தெனாவட்டோடு நான் சொல்லியிருக்கிறேன். அப்போது வெறும் எஃப்ஆர், இப்போது இரண்டு எழுத்து கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மெயினை அணைக்காமல் கை வைக்காதே, வெறுங்காலோடு நிற்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது.

எழுத்தைப் பார்த்து வயர் வாங்குவது

காயில் அட்டையில் இருக்கும் எழுத்துகள் செம்பைப் பற்றிப் பேசவில்லை, மேலே இருக்கும் இன்சுலேஷனைப் பற்றித்தான் பேசுகின்றன. எஃப்ஆர் என்றால் தீப்பிடித்தாலும் வயர் வழியாகத் தீ ஓடிப் பரவாது. எஃப்ஆர்எல்எஸ் என்றால் அதோடு புகையும் குறைவாக வரும். இரண்டும் பிவிசிதான், பிவிசிக்குள் குளோரின் இருக்கிறது, எரிந்தால் வருகிற புகையில் அமில வாயு கலந்திருக்கும், கண்ணும் தொண்டையும் எரியும். அது வேண்டாம் என்பவர்களுக்குத்தான் குளோரின் மாதிரியான ஹாலோஜன் எதுவும் இல்லாத வயர். எச்ஆர் என்று போட்டிருந்தால் இன்சுலேஷன் கூடுதல் சூடு தாங்கும்: சாதாரண பிவிசி 70 டிகிரி என்றால் இது 85.

வீட்டுக்குள் எஃப்ஆர்எல்எஸ் வாங்குங்கள், நல்லதுதான், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எஃப்ஆரிலிருந்து எஃப்ஆர்எல்எஸ்ஸுக்கு மாறியதால் ஒரு ஆம்பியர்கூடக் கூடுதலாக இழுக்காது. இழுப்பது செம்பு. பைப்புக்குள் போகும் ஒன்றரை எம்எம் வயருக்குத் தோராயமாக 14 ஆம்பியர், இரண்டரைக்கு 20-ஐ ஒட்டி, நாலு எம்எம்முக்கு 26. கம்பெனி கொடுக்கும் அட்டவணையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒரே பைப்புக்குள் நிறைய வயரைத் திணித்தால் இன்னும் குறையும்.

ட்ரிப் ஆகிறது என்று எம்சிபியை மாற்றுவது

எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகவே விழுந்து (ட்ரிப் ஆகி) லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எரிச்சல் வருகிற விஷயம், என் மேலேயே வருகிற எரிச்சல்.

திருநகர் பக்கம் ஒரு மாடி வீடு, வயரிங் நான்தான் செய்தேன். செலவைச் சுருக்கச் சொன்னார்கள் என்று பவர் பாயிண்டுக்கும் ஒன்றரை எம்எம்மையே இழுத்துவிட்டேன். முதலில் ஒரு ஒன்றரை டன் ஏசி வந்தது, ஓடியது. இரண்டு வருடம் கழித்து அடுத்த அறைக்கு இன்னொரு ஏசி வாங்கினார்கள். புதுசாக லைன் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டுமே என்று, முதல் ஏசி பாயிண்டிலிருந்தே லூப் எடுத்துக் கொடுத்தேன். அங்கிட்டு ஒரு ஏசி, இங்கிட்டு ஒரு ஏசி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒன்றரை எம்எம் வயர்.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்து கிடக்கிறது. விடியுமுன் கிளம்ப வேண்டுமே என்று எல்லோரும் சீக்கிரமே படுத்துவிட்டார்கள், இரண்டு ஏசியும் ஓடுகின்றன. 16 ஆம்பியர் எம்சிபி விழுகிறது, தூக்கிவிடுகிறார்கள், அரை மணி நேரத்தில் மறுபடி விழுகிறது. ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு போன். பழைய மாடல் ஏசி ஒன்று எட்டு ஒன்பது ஆம்பியர் எடுக்கும், வோல்டேஜ் இறங்கினால் அதற்கு மேலும் போகும். இரண்டும் சேர்ந்தால் 20-ஐத் தொடும். எம்சிபி விழுந்தது சரி, அதன் வேலையே அதுதான். நான் என்ன செய்தேன்? பையில் இருந்த 32 ஆம்பியர் எம்சிபியை எடுத்து மாட்டிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லை. "நீங்க கை வச்சா போதும்ணே" என்று அந்த வீட்டம்மா நாலு பேரிடம் சொல்லி, எனக்கு இரண்டு வேலைகூட வாங்கிக் கொடுத்தார்.

எம்சிபி ஏசிக்குக் காவல் இல்லை, சுவருக்குள் இருக்கும் வயருக்குக் காவல். 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியர் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது என்பது அதற்கான விதி. 20 ஆம்பியரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே கிடையாது, விடிய விடிய விட்டுக்கொண்டிருக்கும். வயருக்கோ 14-தான் கணக்கு. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு, 14 போக வேண்டிய இடத்தில் 20 போனாலே சூடு இரண்டு மடங்கு. இதில் நம்ம ஊர் வெயிலையும் சேருங்கள். மொட்டை மாடித் தளத்துக்குள் பதித்த பைப் சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்குக்கூட ஆறியிருக்காது. 70 டிகிரி தாங்கும் இன்சுலேஷனுக்குத் தளமே பாதிச் சூட்டைக் கொடுத்துவிடுகிறது.

அடுத்த கோடையில் போன் வந்தது. ஏதோ ரப்பர் கருகின வாடை, சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பு. போய்ப் பார்த்தால் சாக்கெட் பின்பக்கம் உருகி வழிந்திருக்கிறது. வயரை இழுத்தேன், மூன்றடி வந்தது, இன்சுலேஷன் அப்பளம் மாதிரி நொறுங்கியது, அதற்கு மேல் வரவே இல்லை. வளைவில் வயரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பைப்போடு பைப்பாகக் கிடக்கிறது. கான்கிரீட் தளத்தை உடைக்க முடியுமா? கடைசியில் புதுசாக பெயிண்ட் அடித்த சுவர் மேலேயே கேசிங் கேப்பிங் (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டி) ஓட்டி, ஒவ்வொரு ஏசிக்கும் எம்சிபி இருக்கும் டிபி பெட்டியிலிருந்து தனித்தனியாக லைன் கொடுத்தேன். வயர், கேசிங், கூலி மூன்றும் என் செலவு. வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, ஹாலில் குறுக்கே ஓடும் அந்த வெள்ளைப் பட்டியை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டியிருக்கலாம்.

எம்சிபி விழுந்தால் முதலில் கிளாம்ப் மீட்டரைப் போட்டு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். லோடு கூடுதல் என்றால் லைனைப் பிரியுங்கள். பெரிய எம்சிபி போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் வயரை மாற்ற வேண்டும். ஏசிக்குத் தனி லைன், இரண்டரைக்குக் கீழே இறங்கவே வேண்டாம், மாடித் தளம் வழியாகவோ நீளமாகவோ போனால் நாலு எம்எம். இரண்டரைக்கு 16, நாலுக்கு 20, கம்ப்ரஸர் இருப்பதால் சி கர்வ், அதாவது ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் கூடுதல் கரண்ட் இழுத்தாலும் விழாத வகை எம்சிபி.

ஒத்தக்கடைப் பையன்கள் முனகிக்கொண்டேதான் வயரை வெளியே உருவினார்கள். அரை நாள் கூலி போச்சு என்று ஒருவனுக்கு வருத்தம்.

கேஜையும் எம்எம்மையும் குழப்புவது

பழைய ஆட்கள் இன்னும் 1/18, 3/22, 3/20, 7/20 என்றுதான் சீட்டு எழுதுகிறார்கள். முதல் எண் எத்தனை கம்பி, இரண்டாவது கேஜ். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும், அதில்தான் புதுப் பையன்கள் விழுகிறார்கள்: 20-ஐ விட 22 பெரிசு என்று 3/22-ஐ வாங்கி வந்து நிற்கிறார்கள். 1/18, 3/22 இரண்டும் கிட்டத்தட்ட 1.2 ஸ்கொயர் எம்எம், 3/20 சுமார் 2, 7/20 நாலரைக்குக் கொஞ்சம் மேலே. பழைய வீட்டில் 3/20 இருந்த இடத்தில் ஒன்றரை போட்டால் இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டரை போடுங்கள்.

இழைகளை வெட்டுவது

டெர்மினல் ஓட்டைக்குள் நுழையவில்லை என்று சில இழைகளைக் கத்தரித்துவிட்டுச் சொருகுவது. நாலு எம்எம் காசு கொடுத்து, நுனியில் இரண்டரை ஆக்கிக்கொள்கிறீர்கள். லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு, நசுக்கி கிரிம்ப் செய்யுங்கள்.

அலுமினியத்தையும் செம்பையும் முறுக்குவது

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம். அதோடு செம்பை நேரடியாக முறுக்கி டேப் சுற்றினால் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் மழை ஈரத்தில் அரிக்கும், அலுமினியம் மேல் வெள்ளைப் பொடி படியும், இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் முறுக்கு தளரும், லைட் மினுக்கும். மின்வாரியத்தைக் குறை சொல்லிவிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள், ஜாயிண்ட் சூடாகிக்கொண்டே இருக்கும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்துகிற லக் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

நியூட்ரலை மெலிதாகப் போடுவது

போடாதீர்கள். போகிற கரண்ட் முழுக்க அதில்தான் திரும்பி வருகிறது.

பச்சை வயரை ஃபேஸுக்கு எடுப்பது

"அவசரத்துக்கு" என்று சொன்னாலும் கூடாது. பச்சை எர்த்துக்கான நிறம்.

மோட்டார் தட்டை வயரை மண்ணில் புதைப்பது

சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வரும் தட்டையான மூன்று கோர் வயர் போர் குழிக்குள் தண்ணீரில் கிடப்பதற்கானது. மிச்சம் இருக்கிறதே என்று அதையே தோட்டத்து ஷெட்டுக்குப் புதைத்தால் மண்வெட்டிக்கும் பெருச்சாளிக்கும் ஒரே கடி. மண்ணுக்குள் போவதற்கு இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்ட் கேபிள். கவசத்தை எர்த் செய்யவும் மறக்க வேண்டாம்.

அச்சைப் படிக்காமல் காயிலைப் பிரிப்பது

வயர் மேலேயே ஐஎஸ் 694 (பிவிசி வயருக்கான இந்தியத் தர எண்), அளவு, ஐஎஸ்ஐ முத்திரை, சிஎம்/எல் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடைய லைசென்ஸ் என்று காட்டும். 90 மீட்டர் காயில் கையில் லேசாக இருந்தால் செம்பு குறைவாக இருக்கலாம், கடையிலேயே எடை போடச் சொல்லி, நல்ல காயில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரித்த காயிலை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார்.