அண்டார்டிகாவில் கரையிறங்கும் நாள்: முதலில் பாத்ரூம், அப்புறம் பேண்ட்

அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் கப்பலேறினால், நடுவே கிடக்கும் டிரேக் கடலைத் தாண்ட ஏறக்குறைய இரண்டு நாள். அதற்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே தலைசுற்றல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். அண்டார்டிகத் தீபகற்பத்தை நெருங்கிய பிறகுதான் வேலை. அங்கே உங்கள் நாள் நன்றாகப் போகுமா என்பது உடுத்தும் அரை மணி நேரத்திலேயே முடிவாகிவிடும்.

முதலில் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். கரையில் கழிப்பறை கிடையாது, நொறுக்குத்தீனிக்கும் அனுமதி இல்லை. அப்புறம் தெர்மல் உள்ளாடை, ஃப்ளீஸ் மேல்சட்டை, கம்பளி சாக்ஸ், வாட்டர்ப்ரூஃப் பேண்ட், கம்பூட்ஸ். பேண்ட் கால் பூட்ஸுக்கு வெளியேதான் தொங்க வேண்டும். உள்ளே செருகினால், இறங்கும்போது அடிக்கிற அலை நேராகப் பாதத்துக்குப் போய்விடும். பார்க்கா என்கிற தடித்த குளிர்கோட்டை உங்கள் குழுவைக் கூப்பிடும்போது போட்டால் போதும். கப்பலுக்குள் வெக்கை, வியர்த்துவிட்டால் படகில் அந்த ஈரமே நடுக்கத்தைக் கொடுக்கும். எங்கள் வீட்டுக்காரர் கேமராப் பைத்தியம், ஆகவே உபரி பேட்டரி எப்போதும் அவர் உள்சட்டைப் பையில். குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும்.

ஷூ, பை, வெல்க்ரோ இடுக்கு எல்லாவற்றையும் பார்த்துச் சுத்தம் செய்வார்கள். ஒரு புல்விதைகூடப் போகக்கூடாது. பூட்ஸின் அடிப்பள்ளங்களைப் பிரஷ்ஷால் தேய்த்து, கிருமிநாசினித் தட்டில் மிதித்துவிட்டுத்தான் படகு.

கரைக்குக் கூட்டிப்போகும் சோடியாக் என்ற ரப்பர் படகில் ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். படகோட்டியின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், முழங்கைக்குக் கீழே பிடியுங்கள், அவரும் அப்படியே உங்களைப் பிடிப்பார். ஈரக் கையுறை வழுக்கினாலும் இந்தப் பிடி விடாது. முட்டி வலிக்காரியான எனக்குப் பெரிய தைரியமே அதுதான். ஏறியதும் ரப்பர் ஓரத்தில் உட்கார்ந்து நகர வேண்டும், எழுந்து நடக்கவே கூடாது.

கரையில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நடைமுறை. அதனால் முறைவைத்து அனுப்புவார்கள். பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அதுவே உங்களை நோக்கி வந்தால் அசையாமல் நில்லுங்கள், அது பாட்டுக்குப் போகும். பனியில் அவை நடந்து நடந்து பதித்த பாதையில் கால் வைக்காதீர்கள். உங்கள் பூட்ஸ் புதைந்து குழி விழுந்தால் பனியைத் தள்ளி மூடிவிடுங்கள்; குட்டைக்கால் பறவை உள்ளே விழுந்தால் ஏற முடியாது. பறவைக் காய்ச்சல் பயத்தால் தரையில் உட்காரவும் பையை வைக்கவும் தடை. நெக்கோ துறையில் பனியாறு உடைந்து விழுந்தால் அலை கரையேறும், ஆகவே தண்ணீரோரம் நின்று போஸ் கொடுக்காதீர்கள்.

படம் போடுகிறவர்கள் யாரும் நாற்றத்தைப் பற்றிச் சொல்வதில்லை. கிரில் என்ற குட்டி இறால் போன்றதைத் தின்று இளஞ்சிவப்பாகப் போகும் எச்சம், கருவாட்டுக் கிடங்கு தோற்றது! பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும்.

குவர்வில் தீவு போன்ற ஜென்டூ பெங்குவின் இடங்களில் சுற்றி அலையாதீர்கள். கூடு கட்டும் பருவமென்றால் ஒரே ஒரு கூட்டை மட்டும் பாருங்கள். ஒரு பெங்குவின் பக்கத்துக் கூட்டிலிருந்து கூழாங்கல்லை லாகவமாக உருவிக்கொண்டு போய்த் தன் ஜோடியின் காலடியில் வைக்கும். அது அடுத்த கல்லுக்குத் திரும்புவதற்குள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இங்கே வந்து திருடிக்கொண்டிருப்பார்.

கப்பலுக்குத் திரும்பியதும் உங்கள் கப்பல் அடையாள அட்டையை மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று ஒலிபெருக்கியில் உங்கள் பெயரை ஏலம் விடுவார்கள். கையுறையை உடனே காயப்போடுங்கள், வானிலை ஒத்துழைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு கரை உண்டு.