யூத வரலாற்றில் முனைவர் பட்டமா? முதலில் மொழியைப் பாருங்கள்

யூத வரலாறு, யூத மெய்யியல் என்று முனைவர் பட்டத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தலைப்பைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். மொழியைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

இடைக்கால யூத மெய்யியலாளர் மைமோனிடிஸையே எடுத்துக்கொள்வோம். கோர்தோபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் இறந்தவர். அவருடைய பெரிய மெய்யியல் நூலான 'திகைத்தோருக்கு வழிகாட்டி' எபிரேயத்தில் எழுதப்பட்டதல்ல. மொழி அரபு, எழுத்து எபிரேயம். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, அந்த மாதிரி. எபிரேயம் மட்டும் கற்றுக்கொண்டு போனால் அங்கேயும் மொழிபெயர்ப்பைத்தான் படிப்பீர்கள். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதுக்குப் போனால் அரமேயம் வேண்டும்; மெய்யியலாளர்களில் ஸ்பினோசாவுக்கு லத்தீன்; ரோசன்ஸ்வைக்குக்கு ஜெர்மன். டெல் அவீவில் காபி வாங்கித் தரும் எபிரேயம் தல்மூதில் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்ட விடாது.

ஆண்டுக்கணக்கு இன்னொரு வம்பு. எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. பழைய அச்சு நூல்களின் முகப்பில் யூத ஆண்டை அந்த எழுத்துகளில் போட்டு, ஆயிரங்களை விட்டுவிடுவார்கள். கூட்டிப் பார்த்தால் 300 வருகிறது என்று வையுங்கள். அது யூத ஆண்டு 5300. நம் ஆண்டுக்கு மாற்ற, அந்த 300உடன் 1240ஐச் சேர்த்தால் 1540. சரிதானே என்று எழுதிவிட முடியாது. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. நூல் 1539 கடைசியிலேயே அச்சாகியிருக்கலாம். மாதத்தையும் பார்க்காமல் அடிக்குறிப்பு எழுதாதீர்கள்.

ரம்பாம், ரம்பான் குழப்பமும் உண்டு. இரண்டும் பெயர்ச் சுருக்கங்கள். ரம்பாம் என்றால் மைமோனிடிஸ். ரம்பான், கிரோனாவைச் சேர்ந்த நாக்மானிடிஸ். ரம்பாமைப் பல இடங்களில் மறுத்தவர். கடைசி எழுத்தில் கை தவறினால், ஒருவர் கருத்தை அவரை மறுத்தவர் தலையில் கட்டியிருப்பீர்கள்!

எங்கே சேர்வது என்பதையும் மொழிதான் தீர்மானிக்க வேண்டும். இங்கிலாந்தில் நேராக ஆய்வேடு, மூன்று நான்கு ஆண்டுகளில் முடிக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் முதலில் வகுப்பு, தேர்வு. மொழி கற்கக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். உதவித்தொகை இல்லாத இடத்துக்கு மட்டும் எந்தச் சமாதானம் சொல்லியும் போகாதீர்கள்.

வரலாற்றுப் பக்கம் போகிறவர்கள் எல்லாவற்றையும் துன்பக் கதையாகவே எழுதிவிடுவதும் உண்டு. அந்தப் பார்வையை வரலாற்றாசிரியர் சாலோ பாரன் 1928இலேயே கேள்வி கேட்டுவிட்டார்.

கடைசியாக, விண்ணப்பக் கடிதம். 'சிறு வயதிலிருந்தே யூதப் பண்பாட்டில் ஆர்வம்' என்று தொடங்கினால் யாரும் இரண்டாம் வரிக்கு வரமாட்டார்கள். 'யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜு 1132இல் மங்களூரில் அஷு என்ற அடிமைப் பெண்ணை விடுவித்தார். கெய்ரோ கெனிசா என்ற பழைய யூதத் தொழுகைக்கூடக் கிடங்கில் கிடைத்த ஆவணங்களைக் கொண்டு மலபார்க் கரையில் அவர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று பார்க்க விரும்புகிறேன்' என்று எழுதிப் பாருங்கள். பதில் வரும். அந்த ஆவணங்களை மூலத்தில் படிக்க வருமா என்ற கேள்வியோடுதான் வரும்.