முதலில் சிரப், அப்புறம் சலைன்

மருந்தாளுநர் படிப்புக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதல் நாள் கேட்பது இதைத்தான்: "85 சதவீதச் சர்க்கரை சிரப் 100 மில்லி வேண்டும். தண்ணீர் எவ்வளவு எடுப்பீர்கள்?" சிலர் 100 மில்லி என்பார்கள், சிலர் 15 என்பார்கள். இரண்டும் தவறு.

கனஅளவுக்கு எடை (w/v) என்று சொல்லும் சதவீதத்தில், 100 மில்லி கரைசலுக்குள் எத்தனை கிராம் கரைபொருள் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். தண்ணீரின் அளவு இந்தக் கணக்கிலேயே வராது. 100 மில்லி தண்ணீரில் 85 கிராம் சர்க்கரையைப் போட்டால் மொத்தம் 150 மில்லியைத் தாண்டிவிடும். செறிவு 56 சதவீதம்கூட வராது. அதனால் 40 மில்லி நீரில் இளஞ்சூட்டில் கரைத்து, ஆறவிட்டு, பிறகு 100 மில்லி கோடு வரை நீர் சேருங்கள்.

நான் படித்தபோது 0.9 சதவீத உப்புக் கரைசலில், அதாவது சலைனில்தான் தொடங்கினேன். 0.9 கிராம் உப்பை 100 மில்லி நீரில் போட்டேன். கனஅளவு கூடியது கண்ணுக்கே தெரியவில்லை, தவறான பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. சிரப் செய்தபோதுதான் பிடிபட்டது. அதனால்தான் இந்த வரிசை.

சரி, இனி கணக்கு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கரைசல் 500 மில்லியில் 5 × 500 ÷ 100 = 25 கிராம். மரத்துப்போக வைக்கும் மருந்தான லிக்னோகெயின் 2 சதவீதம் என்றால் 100 மில்லியில் 2,000 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 20 மில்லிகிராம். சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் போதும் என்பது குறுக்குவழி. ஆனால் முதல் மாதம் முழு வழியிலேயே எழுதுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகோடு.

விகிதக் குறியீட்டில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பு. அட்ரினலின் 1:1,000 என்றால் 1,000 மில்லியில் 1 கிராம், மில்லிக்கு 1 மில்லிகிராம். 1:10,000 என்றால் 0.1 மில்லிகிராம். எண் பெரிதாகும்போது மருந்து குறைகிறது. ஒரு பூஜ்ஜியத்தைத் தவறவிட்டால் நோயாளிக்குப் போவது பத்து மடங்கு.

நீர்க்கச் செய்வதற்கு, செறிவையும் கனஅளவையும் பெருக்கினால் முன்னும் பின்னும் ஒரே விடை வர வேண்டும். 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலிருந்து 10 சதவீதம் 500 மில்லி வேண்டுமா? 10 × 500 ÷ 50 = 100 மில்லி எடுத்து 500 வரை நீர் சேருங்கள். சரிபார்க்க கிராமை எண்ணுங்கள்: எடுத்ததிலும் 50 கிராம், முடிந்ததிலும் 50 கிராம்.