சர்க்கரையோடு பிரஷரும் இருக்கிறதா? விமானம் ஏறும் முன் மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள்

புது நாட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய பதிவு வேலைகளை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடும்ப டாக்டரிடம் பதியுங்கள், காப்பீட்டைப் பாருங்கள், கையிருப்பு மாத்திரை தீரும் முன்பே முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். சரி, அது அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது மாத்திரைப் பட்டையைப் பற்றி.

நம்மில் பலர் சாப்பிடுவது கூட்டு மாத்திரை. ஒன்றுக்குள்ளேயே டெல்மிசார்ட்டான் என்ற பிரஷர் மருந்து இருக்கும், கூட அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோ நீர் பிரியும் மருந்தோ இருக்கும். கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில், உள்ளே இருக்கும் மருந்து பொடி எழுத்தில். நாம் மனப்பாடம் செய்திருப்பது அந்தப் பெரிய எழுத்தை. வேறு நாட்டு டாக்டருக்கு அது ஒன்றுமே சொல்லாது.

என் நண்பர் பட்டது இதனால்தான். புது டாக்டரிடம் "பிரஷருக்கு ஒரு மாத்திரை" என்று சொல்லி, கத்தரித்த பட்டையைக் காட்டினார். மருந்தின் பெயர் இருந்த பகுதி கிழிந்து போயிருந்தது. சிறுநீரில் புரதம் போவதைப் பார்த்த டாக்டர் லிசினோப்ரில் எழுதினார். சர்க்கரைக்காரருக்கு அது சரியான மருந்துதான். ஆனால் டெல்மிசார்ட்டான் இருந்த பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருமில்லை, இவர் இரண்டையும் விழுங்கினார். எழுந்தால் தலைசுற்றல். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு முறையும் இனிப்பைச் சாப்பிட, சர்க்கரையும் ஏறியது. கடைசியில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ஏறிக் கிடந்தன. பட்டையைத் திருப்பி ஒரு நிமிடம் படிக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

'சார்ட்டான்' என்று முடிபவையும் 'ப்ரில்' என்று முடிபவையும் ஒரே பாதையில்தான் வேலை செய்கின்றன. இரண்டையும் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை, சிறுநீரகத்துக்குத்தான் ஆபத்து கூடுகிறது என்று 2008-இல் வந்த ஆன்டார்கெட் ஆய்வு காட்டியது. சிறுநீரகம் பாதித்த சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வை இதே காரணத்துக்காகப் பாதியில் நிறுத்தினார்கள்.

அதனால் கிளம்பும் முன் ஒரு தாளில் உள்மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் என்று எழுதி உங்கள் டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். கடைசி கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர் ஆல்புமின் (சிறுநீரில் போகும் புரதம்) ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். புது மருந்து எழுதினால் "பழையதில் எதை நிறுத்த வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்த வகை மருந்தைத் தொடங்கியபின் ஓரிரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

இதற்குப் பயந்து மாத்திரையையே விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வில் (1998), சராசரி அழுத்தம் 154/87 இருந்தவர்களைவிட 144/82-க்கு இறக்கியவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைவு. இன்று பல வழிகாட்டுதல்கள் 130/80-க்குக் கீழே கேட்கின்றன, சில நாடுகளில் 140/90 போதும் என்பார்கள். உங்கள் இலக்கு எது என்று புது டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், பழைய எண்ணோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

அப்புறம், மேல்கையில் கட்டும் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, பேசாமல், இரண்டு தடவை பாருங்கள். தலைசுற்றினால் எழுந்து நின்று ஒரு தடவை பாருங்கள், சர்க்கரையையும் குத்திப் பாருங்கள். எது இறங்கியது என்று தெரியாமல் இனிப்பைத் தொட வேண்டாம். உடம்பு வலிக்கு ஐபுபுரூஃபனைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது என்று கேளுங்கள்.