அறுபது தாண்டி உயிரோட இருக்கிறது எப்படி: மண்டபத்துல இருந்து ஒரு செய்முறை

எனக்கு இப்ப 67. ராமேஸ்வரத்துக்கு முன்னாடி இருக்குற மண்டபம்ங்குற ஊர்ல வீடு. வாசல்ல இருந்து கடல் ஒரு பீடி தூரம்னு எங்கப்பா சொல்லுவாரு, எனக்கு இப்ப அது ரெண்டு பீடி தூரம் ஆயிடுச்சு, பீடிய விட்டும் பதினோரு வருஷம் ஆச்சு. சைக்கிள் ஓட்ட, நீச்சலடிக்க, பொண்ணு பாக்கப் போன எடத்துல எப்படி உக்காரணும்ங்குற வரைக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்துச்சு, வயசாகுறது எப்படின்னு சொல்லித்தர மட்டும் ஒருத்தரும் இல்ல. சரி நம்மளே எழுதி வைப்போம்னு உக்காந்துட்டேன். 45 தாண்டினவங்க இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, எங்க வச்சோம்னு மறந்துடுவீங்க, அது வேற விஷயம்.

மொதல்ல எந்திரிக்கிறது. முழிப்பு வந்த உடனே சடார்னு எந்திரிக்கக் கூடாது. கட்டில் ஓரத்துல காலத் தொங்கப் போட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காருங்க, இல்லன்னா ரத்தம் காலுக்கு எறங்கி பிபி கொறஞ்சு கிர்ருன்னு வரும், ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிக்கும்போது இது ரொம்ப முக்கியம். எந்திரிக்கையில "யப்பா"ன்னு ஒரு சத்தம் வரும், அத அடக்க வேணாம், எங்க வீட்டு கேட்டு கூடத்தான் தெறக்கும்போது கத்துது, கேட்டுக்கு மட்டும் என் வீட்டம்மா எண்ணெய் விடுறா. படி ஏறும்போது நல்ல காலை மொதல்ல வைங்க, எறங்கும்போது வலிக்கிற காலை மொதல்ல வைங்க. பாத்ரூம்ல ஒரு கைப்பிடி மாட்டிக்கங்க, ஆனா இந்தக் கடக்கரைக் காத்துக்கு இரும்புக் கைப்பிடி மாட்டுனா அது நமக்கு முன்னாடி போய்ச் சேந்துடும். நான் மிச்சம் புடிக்கிறேன்னு இரும்புக் குழாய் வாங்கி மாட்டி, ரெண்டாவது வருஷம் ஒரு நாள் விடியக்காலை அதப் புடிச்சு எந்திரிச்சேன், குழாய் கையோட வந்துடுச்சு, நான் வரல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்க.

அடுத்தது கண்ணாடி. நாப்பதுக்கு மேல கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் வளையிற தன்மை போயிடும், அதனாலதான் பேப்பரத் தள்ளித் தள்ளிப் புடிக்கிறோம், கை நீளம் பத்தாதப்போ கண்ணாடி. ஒண்ணு வாங்காதீங்க, மூணு வாங்குங்க. ஒண்ணு டிவி பக்கம், ஒண்ணு சாமி படத்துக்கிட்ட, ஒண்ணு தொலைஞ்சது. பிளாட்பாரத்துல விக்கிற கண்ணாடியில ரெண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும், நம்ம ரெண்டு கண்ணும் அப்படி ஒத்துமையா இருக்காது, அதனால ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணிட்டு எழுதிக் குடுத்த பவருக்கே வாங்கணும். இன்னொண்ணு, நம்ம பக்கம் கண்ணாடிக் காதுல இருக்குற சின்ன ஸ்க்ரூவும் துருப்புடிக்கும், கடக்கரைக்குப் போயிட்டு வந்தா நல்ல தண்ணியில ஒரு அலசு அலசி வைங்க.

கண்ணாடி எதுக்கு வேணுமோ இல்லையோ மீன் திங்க வேணும். சின்ன வயசுல காரப்பொடிய முள்ளோட மென்னு முழுங்குன ஆளு நானு, இப்ப சோத்துல வெள்ளையா இருக்குறது முள்ளா பருக்கையான்னு தெரியாம விரலால தடவித் தடவி, என் பேரன் கேக்குறான், "தாத்தா மீனுல என்னத்தத் தொலைச்சீங்க?" அதனால பெரிய முள்ளு மீனுக்கு மாறிக்கங்க, சீலா, பாறை, விளமீன் மாதிரி. செலவு கூடத்தான் செய்யும், அதுலயும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகு போகாது, நாட்டுப்படகுல வர்றது மட்டும்தான், அப்ப சீலாவ நான் தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துடுவேன். அதுக்குக் கண்ணாடி தேவையில்ல.

மீன் வாங்குறதுல காதும் சேந்து வேலை செய்யணும்ங்குறது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுச்சு. மீன் விக்கிற அக்கா மத்தி மீனக் கூறு போட்டு வச்சிருந்துச்சு. வெலை கேட்டேன், "அம்பது"ன்னுச்சு, ரெண்டு கூறு வாங்கி நூறு ரூவா நீட்டுனேன், அது என்னயவும் நோட்டையும் மாத்தி மாத்திப் பாக்குது. எம்பதாம். சுத்தி நிக்கிறவுக முன்னாடி நான் அம்பதுன்னு சொல்ல, அது எம்பதுன்னு சொல்ல, ரெண்டும் எனக்கு ஒரே மாதிரி கேக்க, கடைசியில இன்னும் அறுபது ரூவா எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். அன்னையில இருந்து ஒரு வழி வச்சிருக்கேன், "அஞ்சு பத்தா எட்டுப் பத்தா?"ன்னு கேட்டுருவேன். மெடிக்கல் ஷாப், ஆட்டோ, பஸ் எல்லா எடத்துலயும் ஓடுது, நீங்களும் யூஸ் பண்ணுங்க. ஃபோன்ல ரிங்டோன் கீச்சுன்னு இருந்தா மாத்திடுங்க, வயசான காதுல மொதல்ல போறது அந்தக் கீச்சுச் சத்தம்தான், தவில் மாதிரி கனமா ஒண்ணு வைங்க. பொம்பளைங்க கொரலும் சின்னப் புள்ளைங்க கொரலும் அதே காரணத்தாலதான் சரியா விழாது. இது உண்மை, டாக்டருங்களே சொல்றது, ஆனா வீட்டுல இத ஒரு தடவை சொல்லிப் பாத்தேன், மூணு நாள் எனக்கு ஒரு சத்தமும் கேக்கல, ஏன்னா அவ பேசவே இல்ல.

பேரு மறந்துபோறதுக்கும் ஒரு முறை இருக்கு. ராம்நாடு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் "அண்ணே சொகமா?"ன்னு கையப் புடிச்சுட்டாருன்னா பதறாதீங்க. "வீட்ல எல்லாரும் சொகமா?"ன்னு ஆரம்பிங்க, அப்புறம் "பையன் துபாய்லயா சவுதியிலயா?"ன்னு கேளுங்க. நம்ம கடக்கரையில இந்தக் கேள்வி பெரும்பாலும் தப்பாது, அவரு ஆரம்பிச்சாருன்னா ஊரு, பேரு, சம்பளம் எல்லாம் தன்னால வெளிய வந்துடும், நம்மளும் ஆளக் கண்டுபுடிச்சிடலாம். எனக்கு ஒரே ஒரு தடவைதான் சறுக்குச்சு, "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க பெரியப்பா"ன்னான். என் கொழுந்தியா மகன்.

டாக்டர்கிட்ட பிபி பாக்கப் போனா மாடி ஏறுன மூச்சோட கைய நீட்டாதீங்க. அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, பேசாம, கைய நெஞ்சு உசரத்துக்கு வச்சுத்தான் பாக்கணும். ரயில்ல போறவங்களுக்கு, 60 தாண்டின ஆம்பளைக்கு 40 சதவீதம் கொறைச்சாங்க பாருங்க, அது 2020 மார்ச்சோட போச்சு, இன்னும் கவுண்டர்ல கேட்டு நிக்காதீங்க, பின்னாடி நிக்கிற பையன் மொறைக்கிறான். லோயர் பெர்த் கோட்டா மட்டும் இருக்கு, ஆம்பளைக்கு 60, பொம்பளைக்கு 45, ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேருக்கு மேல போட்டா அது கெடைக்காது.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். மேல சொன்னதெல்லாம் சும்மா. வயசானவனுக்குப் பெரிய வேலை என்னன்னா வருஷா வருஷம் நவம்பர்ல நான் உயிரோட இருக்கேன்னு நிரூபிக்கணும். நான் மத்திய அரசு பென்ஷன்காரன். நேர்ல போயி "இந்தா இருக்கேன்"ன்னு நின்னா பத்தாது, பேங்க்ல ஃபாரத்துல கையெழுத்துப் போடணும், இல்லன்னா கம்ப்யூட்டர் ஒத்துக்கணும். ஜீவன் பிரமான்னு 2014ல கொண்டுவந்தாங்க, ஆதார் நம்பர், பென்ஷன் ஆர்டர் நம்பர், பேங்க் அக்கவுண்ட், செல்லு எல்லாம் எடுத்துக்கிட்டு கைரேகை வச்சாப் போதும், வீட்டுக்கு எஸ்எம்எஸ்ல சர்டிபிகேட் நம்பர் வந்துடும். கேக்க நல்லாத்தான் இருக்கு.

போன வருஷம் ஒரு சென்டருக்குப் போனேன். உக்காந்திருந்த பொண்ணு நல்ல பொண்ணு, பொறுமைசாலி. "தாத்தா வலது பெருவிரல்." வச்சேன். செவப்பு லைட்டு. "இன்னொரு விரல்." செவப்பு. பத்து வெரலும் முடிஞ்சுபோச்சு, பதினோராவதுக்கு நான் எங்க போக. என் பின்னாடி சின்னப்பாலம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா ரேகை வச்சுப் பணம் எடுக்க வந்திருந்தாக, கடலுக்குள்ள முங்கிப் பாசி எடுக்குறவுக. அந்தப் பாறையில வெரலு கிழியும்னு துணியச் சுத்திக்கிட்டுத்தான் போவாக, அப்படியும் தேஞ்சு போயிருக்கு, அவுகளுக்கும் செவப்புதான். அந்தப் பொண்ணு "ஆயா ரேகை விழலயே"ன்னதும் அவுக சொன்னாக பாருங்க, "என் ரேகையெல்லாம் பாறையிலதான்த்தா கெடக்கு, மிசினத் தூக்கிட்டு வா, அங்கன வச்சுப் பாப்போம்." அவுக சொல்லுக்கு அங்க நியாயம் இருந்துச்சு, நான் நாப்பது வருஷம் ஃபைலத் தவிர எதையும் தூக்காதவன், எனக்கு எப்படித் தேஞ்சுச்சுன்னு கேட்டா, வயசானா தோலு வறண்டு ரேகை மேடெல்லாம் தட்டையாயிடுமாம்.

அதனால செய்ய வேண்டியது: நவம்பர் மொத வாரம் போகாதீங்க, கூட்டம். வெதுவெதுப்பான தண்ணியில கையக் கழுவி, ஒரு பொட்டுத் தேங்காண்ணெய் தடவித் தொடச்சுட்டு வைங்க, வறண்ட வெரலுக்கு இது கேக்கும், வழவழன்னு வைக்கக்கூடாது. மிசின் கண்ணாடியத் தொடைக்கச் சொல்லுங்க, நமக்கு முன்னாடி வடை தின்ன ஆளு வச்சிருப்பாரு. அப்படியும் விழலன்னா கருவிழி பாக்குற மிசின் இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா தபால்காரர வீட்டுக்கே வரச்சொல்லலாம், 70 ரூவா.

எதுவும் வேணாம்னா மொகத்தக் காட்டுறது. 2021ல இருந்து இருக்கு. செல்லுல ஆதார் ஃபேஸ் ஆர்டின்னு ஒரு ஆப்பு, ஜீவன் பிரமான்னு ஒரு ஆப்பு, ரெண்டும் ஏத்தணும். யாரு செல்ல இயக்குறாங்களோ அவங்க மூஞ்சிய மொதல்ல காட்டணும், அப்புறம்தான் நம்ம மூஞ்சி. மகன் விருதுநகர்ல இருந்து வந்தப்போ உக்காந்தோம். அவன் உயிரோட இருக்கான்னு ரெண்டு செகண்டுல ஒத்துக்கிச்சு. எனக்கு "கண்ணைச் சிமிட்டவும்". சிமிட்டுனேன். மறுபடி "கண்ணைச் சிமிட்டவும்". எம்புட்டு சிமிட்டியும் அதுக்குத் தெரியல, எனக்கு இமை பாதி தொங்கித்தான் இருக்கும், அது சிமிட்டாத நேரத்தையும் சிமிட்டுனதாவே பாத்திருக்கும் போல. என் வீட்டம்மா அடுப்படியில இருந்து, "பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல நல்லாத்தான சிமிட்டுனீக." மகன் முன்னாடி இதெல்லாம் தேவையா. கடைசியில வாசல் வெளிச்சத்துல, ஜன்னலுக்கு முதுகக் காட்டாம, கண்ணாடியக் கழட்டி, புருவத்த நல்லாத் தூக்கிட்டு டக்குனு மூடித் தொறந்ததும் பச்சை வந்துச்சு. வெளிச்சம் நம்ம மூஞ்சியில விழணும், அம்புட்டுதான் சூட்சுமம், இத ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான்.

எஸ்எம்எஸ் வந்த உடனே செல்லத் தூக்கிக்கிட்டு நேரா காக்கா வீட்டுக்குப் போனேன். காக்கான்னா எங்க பக்கத்து முஸ்லிம் வீடுகள்ல அண்ணன்னு அர்த்தம். இவரு ரயில்வேல தண்டவாளம் பாக்குற கேங்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு, பாம்பன் பாலத்துல வேலை பாத்தவரு, 79 வயசு. பழைய பாலம் 1914ல ஓட ஆரம்பிச்சு 2022 டிசம்பர்ல துருவால நின்னுபோச்சு, அதுலருந்து புதுப்பாலம் 2025 ஏப்ரல்ல தொறக்குற வரைக்கும் எங்க மண்டபம்தான் கடைசி ஸ்டேஷன், காக்கா தெனமும் சாயங்காலம் போயி அந்தப் பழைய பாலத்தப் பாத்துட்டு வருவாரு, கூடப் பொறந்தத ஆஸ்பத்திரியில பாக்கப் போற மாதிரி. நான் சர்டிபிகேட்டக் காட்டுனேன், அவரு அதக் கண்டுக்கவே இல்ல.

"தம்பி, எம்பது முடிஞ்சா பென்ஷன் 20 சதவீதம் கூடும், தெரியும்ல?"

"தெரியும் காக்கா. நூறானா நூறு சதவீதம்."

"அப்ப நம்ம பாலத்துக்கு 108 வருஷம். அதுக்குப் பென்ஷன் போட்டிருந்தா டபுளு வாங்கியிருக்கும்."

காக்காவுக்கு வர்ற பிப்ரவரியில எம்பது முடியுது. அந்த 20 சதவீதத்துக்காகப் போன வருஷத்துல இருந்து கருவாட்ட நிறுத்திட்டாரு, ஊறுகாய நிறுத்திட்டாரு, பிபி மாத்திரைய நேரத்துக்குப் போடுறாரு, காலைல ரெண்டு மைலு நடக்குறாரு. அவரு மகளுக்கு ஒரே சந்தோசம், வாப்பா திருந்திட்டாகன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. என்கிட்ட மட்டும் மெதுவா சொன்னாரு, மீன் விக்கிற அக்காகிட்ட பிப்ரவரி கடைசிக்கு அரைக் கிலோ சீலாக் கருவாடு சொல்லி வச்சிருக்காராம், அட்வான்ஸும் குடுத்துட்டாராம். எம்புட்டுக் குடுத்தீங்கன்னு கேட்டேன். அம்பதோ எம்பதோ, ஒண்ணு சொன்னாரு.